நீளும் வினாடிகள்: உழைக்கும் உடலின் காலக் கணக்கு

(உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் நினைவாக அவருடைய மாணவர்கள் நிறுவிய அறக்கட்டளையின் சார்பில் சிறுவாச்சூரில் நிகழ்த்திய சொற்பொழிவு. பேச்சுவாக்கில் வந்த கிளைச்செய்திகள் சிலவற்றை நீக்கி அச்சுக்காகத் திருத்தியது.)



பெரம்பலூர் மாவட்டத்தில் காலத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் சாத்தனூர்க் கல்மரத்தைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பக்கம் கடல் இருந்த காலத்தில், வண்டலுக்குள் புதைந்து கல்லாகிப்போன மரம் அது. நான் எடுத்துக்கொண்டிருக்கும் அளவு மிகச் சிறியது. முப்பது வினாடி. ஒரு கபடி ரெய்டுக்கு விதி கொடுக்கும் நேரம். அந்த முப்பது வினாடி, உட்கார்ந்து பார்க்கிற நமக்கும் உள்ளே பாடிப் போகிறவருக்கும் ஒரே நீளமாக இருக்கிறதா? இதுதான் இன்றைய கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடல் கடுமையாக உழைக்கும்போது நமக்குள் ஓடுகிற காலம் கடிகாரத்தை விட்டு விலகுகிறது. வினாடிகள் நீள்வதாகத் தோன்றுகிறது. எதிராளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடக்கிறது. உழைப்பு ஒன்றே அதற்குப் போதும். ஆகவே, தசைக்கும் மூச்சுக்கும் பயிற்சி கொடுக்கிற ஆசிரியர் இந்த உட்காலத்துக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். நம் பள்ளி மைதானங்களில் அது நடப்பதில்லை. நடக்காததன் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

1. இயல்பான மனிதரின் இமைப்பு

எழுத்துகளின் ஒலியளவைச் சொல்ல வந்த தொல்காப்பியர் மாத்திரைக்கு இரண்டு அளவுகோல் தந்தார். கண் இமைக்கும் நேரம் ஒன்று, விரல் நொடிக்கும் நேரம் மற்றொன்று. இது நாம் எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். பின்னால் 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் அதே இரண்டையும் எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். அந்த இமைப்பும் நொடிப்பும் இயல்பான நிலையில் இருக்கும் மனிதருடையவையாக இருக்க வேண்டும் என்றார். இலக்கண வகுப்பில் இந்த நிபந்தனையை நாம் விரைவாகத் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு அது பெரிய செய்தியாகப் படுகிறது. உடலைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த உடல் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பயந்தவர் இமைக்கிற வேகம் வேறு, ஓடி வந்து இரைக்கிறவர் விரல் நொடிக்கிற வேகம் வேறு. இன்று ஆய்வுக்கூடத்தில் அளக்கிற விலகலுக்கு அந்த நிபந்தனையில் இடம் இருக்கிறது.

நாளை அறுபது நாழிகையாகப் பிரித்த முன்னோர், நாழிகையை அளக்க உடலை நம்பவில்லை. நீரை நம்பினார்கள். அடியில் சிறு துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்க விடுவார்கள். துளை வழியே நீர் ஏறி வட்டில் நிரம்பி மூழ்கினால் ஒரு நாழிகை, நம் கணக்கில் 24 நிமிடம். இந்த வட்டிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பகுதியில் அது மறுபடியும் வேண்டியிருக்கும்.

2. மிதிவண்டி மேல் முப்பது வினாடி

உட்காலத்தை அளக்கும் முறை மிக எளியது. ஒருவரை உட்கார வைத்து, 'தொடங்கலாம்' என்கிறோம். முப்பது வினாடி ஆகிவிட்டது என்று அவருக்குத் தோன்றும்போது அவர் 'போதும்' என்று சொல்ல வேண்டும். கடிகாரம் எதுவும் அவர் கண்ணில் படக்கூடாது. பிறகு அதே ஆளைக் கடுமையாக உழைக்க விட்டு, உழைப்பின் நடுவிலேயே இதைத் திரும்பச் செய்யச் சொல்கிறோம். கடிகாரத்தில் முப்பது ஆகும் முன்பே அவர் 'போதும்' என்றால், அவருக்குள் காலம் முந்தி ஓடியிருக்கிறது. வெளிக்காலம் அவருக்கு மெதுவாக நகர்வதாகத் தோன்றியிருக்கிறது. இந்த முந்தலையும் மெதுவையும் பலர் குழப்பிக்கொள்வதால் அழுத்திச் சொல்கிறேன்: உள்ளே வேகம் கூடினால் வெளியே எல்லாம் இழுபடுவதுபோல் இருக்கும்.

இங்கிலாந்தின் கேன்டர்பரி கிறைஸ்ட் சர்ச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ எட்வர்ட்ஸ் இந்தத் துறையில் தொடர்ந்து வேலை செய்கிறவர். உழைப்பு உச்சத்தை எட்டும்போது காலக் கணிப்பு பிசகுகிறது என்று அவரும் மெக்கார்மிக் என்பவரும் 2017இல் எழுதினார்கள். 2024இல் அவரும் நெதர்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து 'பிரெய்ன் அண்ட் பிஹேவியர்' என்ற ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரைதான் என்னை இந்தத் தலைப்புக்குள் இழுத்தது.

அவர்கள் 33 பேரை எடுத்துக்கொண்டார்கள். 16 பெண்கள், 17 ஆண்கள். பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்கிற சாதாரண மனிதர்கள். ஓரிடத்தில் நிற்கும் மிதிவண்டியில் நான்கு கிலோமீட்டர் பந்தயம். எதிரே திரையில் சாலை ஓடுகிறது. ஒவ்வொருவரும் மூன்று விதமாக ஓட்டினார்கள். ஒருமுறை தனியாக. ஒருமுறை திரையில் இன்னொரு வண்டிக்காரர் கூடவே வர, அவரைப் பற்றிக் கவலைப்படாமல். ஒருமுறை அந்த வண்டிக்காரரை முந்தியே தீர வேண்டும் என்ற கட்டளையோடு. ஓட்டத்துக்கு முன்பும், 500, 1,500, 2,500 மீட்டரிலும், ஓட்டம் முடிந்த பிறகும் முப்பது வினாடியைக் கணிக்கச் சொன்னார்கள்.

ஓட்டுகிறபோது காலம் மெதுவாகப் போவதாக அவர்கள் உணர்ந்தார்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அந்த விலகல் இல்லை. எதிர்பார்த்ததுதான் என்று தோன்றலாம். எதிர்பாராத செய்திகள் இரண்டு உண்டு. முதலாவது, எதிராளி இருந்ததும் இல்லாததும் விலகலை மாற்றவில்லை. இரண்டாவது, தூரம் ஏற ஏறக் களைப்பு கூடியதாக அவர்களே சொன்னார்கள். ஆனால் காலத்தின் விலகல் கூடவில்லை. 500 மீட்டரில் எப்படியோ 2,500 மீட்டரிலும் அப்படியே.

இந்த இரண்டாவது செய்தியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 'களைத்துப் போனால் நேரம் போகாது' என்று நாம் பேச்சில் சொல்கிறோம். களைப்புதான் காரணம் என்றால், களைப்போடு விலகலும் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. உடல் கடும் உழைப்புக்குள் நுழைந்த உடனேயே உட்காலம் வேறொரு நடைக்கு மாறி, உழைப்பு முடிகிற வரை அந்த நடையிலேயே நிற்கிறது. 'எனக்குத் தெம்பு இல்லை, அதனால்தான் நேரம் போகவில்லை' என்று தன்னையே நொந்துகொள்ளும் பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

3. வட்டிலின் துளை பெரிதாகும்போது

ஏன் இப்படி? காலத்தை உணர்வதற்கென்று கண், காதுபோல் தனி உறுப்பு நமக்கில்லை. மூளைக்குள் ஏதோ ஒன்று சீராகத் துடிப்புகளை வெளியிடுகிறது, இன்னொன்று அவற்றைச் சேர்த்து எண்ணுகிறது என்ற மாதிரியை மைக்கேல் ட்ரீஸ்மன் 1963இல் முன்வைத்தார். முன்பு சொன்ன நாழிகை வட்டில் இங்கே உதவுகிறது. துளை பெரிதானால் நீர் வேகமாக ஏறும். 24 நிமிடம் ஆவதற்கு முன்பே வட்டில் மூழ்கிவிடும். வட்டிலைப் பார்த்து நேரம் சொல்கிறவர் நாழிகை முடிந்தது என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் இருக்கும் வட்டில் அப்படி.

துளையைப் பெரிதாக்குவது எது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஹட்சன் ஹோக்லண்ட் என்ற அமெரிக்க உடலியல் அறிஞரின் மனைவி காய்ச்சலில் படுத்திருந்தார். மருந்து வாங்கக் கடைக்குப் போன கணவர் இருபது நிமிடத்தில் திரும்பினார். ஆனால் வெகுநேரம் ஆகிவிட்டதாக மனைவி கோபித்துக்கொண்டார். மற்றவர்கள் இதைக் காய்ச்சலின் சிணுங்கல் என்று விட்டிருப்பார்கள். ஹோக்லண்ட் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். வினாடிக்கு ஒன்றாக அறுபது வரை எண்ணும்படி மனைவியைக் கேட்டார். காய்ச்சல் ஏறியபோது எண்ணும் வேகமும் ஏறியது. காய்ச்சல் இறங்கியபோது வேகமும் இறங்கியது. 1933இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். உடல் வெப்பம் கூடினால் உட்காலம் விரைகிறது என்ற இந்தப் போக்கை, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த வியர்டனும் பென்டன்-வோக்கும் 1995இல் உறுதி செய்தார்கள்.

ஓடுகிற உடலும் சூடேறுகிறது. அதிலும் இந்த மாவட்டத்துச் சித்திரை வெயிலில், பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் மைதானத்தில் ஓடுகிற பிள்ளையின் உடல் எவ்வளவு சூடேறும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வெப்பம் மட்டுமே காரணம் என்று நான் வாதாட மாட்டேன். மிதிவண்டி ஆய்வில் 500 மீட்டரிலேயே விலகல் முழுதாக வந்துவிட்டது. அதற்குள் உடல் அவ்வளவு சூடேறியிருக்காது.

இன்னொரு காரணம் கவனம். சும்மா இருக்கும்போது நம் இதயம் துடிப்பது நமக்குத் தெரிவதில்லை. ஓடும்போது காதுக்குள் கேட்கிறது. மூச்சு, தொடைச் சூடு, தொண்டை வறட்சி என்று உள்ளிருந்து வருகிற செய்திகள் ஒன்றையொன்று முண்டியடிக்கின்றன. கவனம் முழுவதும் 'இப்போது' என்கிற ஒற்றைப் புள்ளியில் குவிகிறது. அப்படிக் கவனிக்கப்படுகிற ஒவ்வொரு வினாடியும் தடிக்கிறது. இதயத்துக்கும் காலத்துக்கும் உள்ள உறவு இதைவிட நுட்பமானது என்று 2023இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது: ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைவெளி சற்று மாறினாலும், அந்தக் கணத்தில் நாம் கேட்கிற ஒலியின் நீளம் மாறித் தோன்றுகிறதாம். இதயம் நமக்குள் சும்மா துடித்துக்கொண்டிருக்கவில்லை. காலக் கணக்கில் அதற்கும் பங்கு இருக்கிறது.

4. எதிராளி என்ன செய்கிறார்?

எதிராளியால் மாற்றம் இல்லை என்ற முடிவைக் கேட்டதும் ஆடிப் பழகியவர்கள் மறுப்பார்கள். "பந்து பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது, நின்று வந்தது" என்று சொல்லாத மட்டையாளர் உண்டா? அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். ஆய்வில் இருந்த எதிராளி திரையில் தெரிந்த உருவம். மோத மாட்டார், கணுக்காலைப் பிடிக்க மாட்டார், மூச்சுச் சத்தம் கேட்காது. உண்மையான ஆடுகளத்தில் காலம் நீள்வதாகச் சொல்லப்படும் அனுபவத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தெளியும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, செயலுக்குத் தயாராகும் கணம். லண்டனில் ஹகுராவும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கையை நீட்டித் தொடத் தயாராக இருந்தவர்களுக்கு, சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிடக் கண்ணெதிரே தெரிந்தது அதிக நேரம் நின்றதாகத் தோன்றியது. விரைந்து மறையும் எழுத்துகளையும் அவர்கள் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். கபடியில் கார்னரில் குனிந்து, ரைடரின் கால் எப்போது தரையில் பதியும் என்று காத்திருப்பவரின் நிலை இதுதான். அவர் பாய்வதற்கு முந்தைய கணம் அவருக்கு உண்மையிலேயே கொஞ்சம் அகலமாக இருக்கலாம்.

இரண்டாவது, ஆபத்து முடிந்த பிறகு திரும்பிப் பார்க்கும்போது அது நீளமாகத் தெரிவது. டேவிட் ஈகிள்மனும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட சோதனையைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும். 31 மீட்டர் உயரத்திலிருந்து மனிதர்களை மல்லாக்க, கயிறு எதுவும் இல்லாமல், கீழே விரித்த வலையில் விழ விட்டார்கள். தாங்கள் விழுந்த நேரத்தை அவர்கள், பிறர் விழுந்த நேரத்தைவிட 36 விழுக்காடு கூடுதலாக மதிப்பிட்டார்கள். ஆனால் விழும்போது மணிக்கட்டில் கட்டியிருந்த கருவியில் வேகமாக மாறிய எண்களை அவர்களால் வழக்கத்தைவிட நன்றாகப் படிக்க முடியவில்லை. கண் வேகமாகப் பார்க்கவில்லை, நினைவுதான் அடர்த்தியாகப் பதிந்திருக்கிறது. வாடிவாசலில் காளை வெளியே வரும் கணத்தைப் பற்றி மாடுபிடி வீரர்கள் அவ்வளவு விரிவாகச் சொல்கிறார்களே, அதில் பெரும் பங்கு இந்த அடர்ந்த நினைவுடையது என்றே கொள்கிறேன்.

ஆகவே, எதிராளி வினாடியை நீட்டவில்லை என்று சொல்லும்போது ஆட்டக்காரர் சொல்வதை நான் பொய்யாக்கவில்லை. அவர் தயாராகும் கணமும் நினைவும் எதிராளியால் மாறுகின்றன. ஓடும் காலத்தின் நடையை மாற்றுவது உழைப்பு.

5. மூச்சிலிருந்து கடிகாரத்துக்கு

நம் ஊர் விளையாட்டுகள் நேரத்தை எப்படி அளந்தன என்று பாருங்கள். ஏறுதழுவுதலில் காளை மூன்று துள்ளல் துள்ளி முடிக்கும் வரை திமிலை விடாமல் இருந்தால் வெற்றி. அங்கே அளவு காளையின் உடலில் இருக்கிறது. சடுகுடுவில் அளவு ஆட்டக்காரரின் மூச்சில் இருந்தது. கோட்டைத் தாண்டும்போது எடுத்த மூச்சு தீரும் வரை எதிர்ப்பக்கத்தில் இருக்கலாம். பாட்டு அறுந்தால் அவுட்.

இதில் ஒரு நேர்மை இருந்தது. ஆட்டத் தொடக்கத்தில் ஒரு மூச்சு நீளமாக வரும். ஆட்டம் ஏற ஏற, உடலில் கரியமில வாயு விரைவாகச் சேர, அதே ஆளின் பாட்டு சுருங்கும். களைத்தவருக்கு நேரம் குறைவு, தெம்பாக இருப்பவருக்கு நேரம் அதிகம். உட்காலமும் ஆட்டக் காலமும் ஒரே உடலிலிருந்து புறப்பட்டதால் இரண்டுக்கும் பிணக்கு இல்லை. ரைடர் தனக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, நெஞ்சு சொல்லிவிடும்.

1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியில் இடம்பெற்று, 2014 முதல் புரோ கபடியாகத் தொலைக்காட்சிக்கும் வந்துவிட்ட இன்றைய ஆட்டத்தில் ஒரு ரெய்டுக்கு முப்பது வினாடி. 'கபடி கபடி' என்று பாடுவது இன்னும் விதியில் இருக்கிறது, ஆனால் நேரத்தை நிர்ணயிப்பது கடிகாரம். இது தேவையான மாற்றம். வெவ்வேறு மொழியும் மூச்சுப் பழக்கமும் உள்ள நாடுகள் சேர்ந்து ஆட இது வேண்டும். ஆனால் இந்த மாற்றத்தால் ரைடர் மேல் புதிதாக ஒரு சுமை ஏறிவிட்டதைப் பயிற்சியாளர்கள் போதிய அளவு பேசுவதில்லை. அவர் இப்போது இரண்டு காலங்களைச் சுமக்கிறார். உடம்பு 'நேரம் ஆயிற்று, திரும்பு' என்கிறது. கடிகாரத்தில் இன்னும் சில வினாடி இருக்கிறது. அந்தச் சில வினாடியில்தான் பெரும்பாலும் எதிரணியினர் கைகோத்து நிற்கும் செயின் உடையும், ஒரு கால் முன்னே வரும், டச் கிடைக்கும். வெறுங்கையோடு திரும்பிய இரண்டு ரெய்டுக்குப் பிறகு வருகிற மூன்றாவது ரெய்டில், புள்ளி எடுக்காவிட்டால் அவுட் என்ற நிலையில், இந்தப் பிணக்கு இன்னும் கூர்மையாகிறது. தேர்ந்த ரைடர்கள் கடைசி ஐந்து வினாடிக்காகப் பொறுமையாகக் காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொறுமையைக் குணம் என்று நினைக்காதீர்கள். அவர்கள் தங்கள் உட்காலத்தின் விலகலை ஆடி ஆடித் தெரிந்துகொண்டவர்கள். தெரிந்துகொள்ளக்கூடியது என்றால் சொல்லித் தரவும் கூடியதுதானே?

6. ரோம், லாஸ் ஏஞ்சலிஸ், இந்தச் சாலையோரம்

1960 செப்டம்பர் 6, ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் இறுதி. மில்கா சிங் 45.6 வினாடியில் நான்காவதாக வந்தார். மூன்றாமவர் மால்கம் ஸ்பென்ஸ் 45.5. முதல் நால்வரும் பழைய ஒலிம்பிக் சாதனையைத் தாண்டியிருந்தார்கள். மில்காவின் ஓட்டம் 1998 வரை இந்தியாவில் முறியடிக்கப்படவில்லை. அவ்வளவு சிறப்பாக ஓடியவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று: பாதி வழி தாண்டி, ஏறத்தாழ 250 மீட்டரில், 'இந்த வேகத்தில் போனால் கடைசி வரை தாங்காது' என்று தோன்றி வேகத்தைச் சற்றுக் குறைத்தேன் என்றார். அந்தப் பிசகை வாழ்நாள் முழுதும் அவர் மறக்கவில்லை. காலில் வலு இருந்தது, மூச்சு இருந்தது. வேகத்தைப் பற்றிய உள் தீர்ப்புதான் பிழைத்தது என்பது அவருடைய சொந்தச் சாட்சியம். வேகம் என்பது தூரத்தைக் காலத்தால் வகுப்பது. காலக் கணிப்பு பிசகினால் வேகக் கணிப்பும் பிசகும்.

1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42, வெண்கலம் வென்ற ருமேனியாவின் கோஜோகாரு 55.41. நூறில் ஒரு வினாடி. உஷாவின் சராசரி வேகத்தில் கணக்கிட்டால் அது சுமார் ஏழு சென்டிமீட்டர். எந்த மனித உடலும் அதை உணர முடியாது; ஒளிப்படம் எடுத்துத்தான் பிரிக்க வேண்டும். உணர முடிந்த பிசகையும் உணரவே முடியாத இடைவெளியையும் நாம் ஒரே கூடையில் போட்டு 'துரதிர்ஷ்டம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். முன்னதைப் பயிற்சியால் குறைக்கலாம் என்பதால் அவற்றைப் பிரித்தே பார்க்க வேண்டும்.

ஒலிம்பிக்கை விட்டு நம் வாசலுக்கு வருவோம். திருச்சி-சென்னை நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் விடியலுக்கு முன்பே ஓடுகிற பையன்களை நீங்கள் அறிவீர்கள். பலர் போலீஸ் செலக்‌ஷனுக்காக ஓடுகிறார்கள். சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். இது ஒலிம்பிக் வேகம் இல்லை. பழகிய எவரும் எட்டக்கூடியது. இருந்தும் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் இங்கே விழுகிறார்கள். எனக்கு இது வேதனை தருகிறது. ஒரு குடும்பத்தின் அடுத்த முப்பது ஆண்டு அந்த ஏழு நிமிடத்தில் தொங்குகிறது.

எப்படி விழுகிறார்கள்? 1,500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடத்துக்குச் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 வினாடி போதும். முதல் 300 மீட்டரை 1 நிமிடம் 24 வினாடியில் கடக்கலாம். விசில் ஊதியதும் பையன் அந்த 300 மீட்டரை ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறான். இரண்டாம் சுற்றில் உட்காலம் மாறிவிட்டது. சரியான நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறான். ஆனால் இரண்டரை நிமிடம் ஆனதுபோல் அவனுக்குத் தோன்றுகிறது. 'பின்தங்கிவிட்டேன்' என்று பதறி, தேவையில்லாத இடத்தில் வேகத்தைக் கூட்டுகிறான். அல்லது 'இவ்வளவு நேரம் ஓடியும் இன்னும் இரண்டு சுற்றா' என்று மனம் விட்டுப்போய் நடக்கத் தொடங்குகிறான். இரண்டுக்கும் மூலம் ஒன்று. தன் உடம்பு காலத்தைத் தவறாகச் சொல்லும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

7. எண்ணிக்கை இருந்தால்

நம் முன்னோர் ஓட்டப்பந்தயத்துக்கு உழைக்கவில்லை, நீர் இறைக்க உழைத்தார்கள். ஏற்றம் இறைத்தவர்கள் பாடிய பாட்டில் எண்ணிக்கை இருக்கும். எத்தனை சால் இறைத்தோம் என்பதை உடம்பின் அலுப்பிடம் விடாமல் பாட்டிடம் ஒப்படைத்தார்கள். அலுப்பு நூறு என்று சொல்லும்போது பாட்டு அறுபதில் நின்றிருக்கும், பாட்டைத்தான் நம்பினார்கள். பாட்டு அலுப்பை மறக்கடித்தது என்று மட்டும் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது கணக்குப் புத்தகமாகவும் இருந்தது. உழைக்கும் உடலுக்குள் காலம் விலகும் என்பதை அவர்கள் பட்டறிந்து, விலகாத ஓர் அளவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

உடற்கல்வி ஆசிரியர்களிடம் நான் கேட்பதும் அதைத்தான். முதலில், மிதிவண்டி ஆய்வில் செய்ததை உங்கள் மைதானத்தில் செய்து பாருங்கள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நிறுத்துங்கள். ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச். மற்றவர் முதலில் மரத்தடியில் உட்கார்ந்து முப்பது வினாடியைக் கணிக்கட்டும்; பிறகு ஓடிக்கொண்டே கணிக்கட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் இதைச் செய்யலாம். நேரம் இழுபடுவது தன் பலவீனம் இல்லை, எல்லா உடம்புக்கும் நடப்பது என்று அது தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளும். அந்தப் பிள்ளை ஓட்டத்தை வெறுக்காது.

அதனால்தான் இன்னொன்றையும் மன்றாடிக் கேட்கிறேன். ஓடச் சொல்வதைத் தண்டனையாக்காதீர்கள். தாமதமாக வந்தவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஏற்கெனவே நீண்டு தோன்றுகிற காலத்தோடு அவமானத்தையும் சேர்த்துவிட்டால், நாற்பது வயதில் சர்க்கரை வந்து 'தினமும் அரைமணி நேரம் நடங்கள்' என்று மருத்துவர் சொல்லும்போது அந்த மனிதர் நடக்க மாட்டார். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் தலைமை ஆசிரியர்களும் இங்கே இருக்கக்கூடும். அவர்களுக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன்: மைதானத்தில் நடப்பதும் கணக்குதான்.

போட்டிக்கும் தேர்வுக்கும் தயாராகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு; நல்ல பயிற்சியாளர்கள் பலர் இதைக் கையாள்கிறார்கள். சுற்று முடிந்ததும் நேரத்தை உடனே அறிவிக்காதீர்கள். 'எத்தனை வினாடியில் வந்தாய்?' என்று ஓடியவரிடமே முதலில் கேளுங்கள். அவர் சொன்ன பிறகு ஸ்டாப்வாட்ச்சைக் காட்டுங்கள். தொடக்கத்தில் இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும். தன் விலகல் எந்தப் பக்கம், எவ்வளவு என்று ஓடுகிறவர் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, இரண்டாம் சுற்றின் பதற்றம் குறையும். கபடிக்காரர்களும் இதையே செய்யலாம்: பயிற்சி ரெய்டு முடிந்து கோட்டைத் தாண்டியதும், எத்தனை வினாடி உள்ளே இருந்தோம் என்று முதலில் அவர்கள் சொல்லட்டும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. பள்ளிக்கு இரண்டு ஸ்டாப்வாட்ச், பிள்ளைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. நோட்டில் இரண்டு பத்தி போடச் சொல்லுங்கள்: சொன்ன நேரம், ஓடிய நேரம். இந்த அறக்கட்டளையை நடத்துகிறவர்கள் இந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்கு அவற்றை வாங்கிக் கொடுத்தால், ஓராண்டில் சேர்கிற நோட்டுகளே பெரிய ஆய்வுக்குப் போதுமானவை. அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு வருகிறவர் மிதிவண்டி ஆய்விலிருந்து தொடங்க வேண்டாம். அந்த நோட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசட்டும்.